இரண்டாம் தட்டில் இடம்

கண்ணாடிக் கிண்ணம் வேண்டும் என்கிறது குறிப்பு.
அடுக்கு வெளியே தெரிய வேண்டுமாம்.
என்னிடம் இருப்பது
பேர் வெட்டிய எவர்சில்வர் தூக்கு,
அதிலும் வெட்டியிருப்பது மாமியார் பேர்.

பள்ளத்தூரில் எங்கள் வீட்டுக்கு
இரண்டு தெருவிலும் வாசல்.
உள்ளே மூன்று புள்ளி, மூன்று அடுப்பு,
மூன்று சிலிண்டர்,
ஒரே மோட்டார்.
அந்த மோட்டாரின் கரண்டு பில்லில்தான்
எனக்கும் ஓரகத்தி நாச்சம்மைக்கும்
ஆடியில் பேச்சு நின்றது.
இப்போது புரட்டாசி பாதி.

எங்களை வேறு வைத்து எட்டு மாதம்.
உப்பு, புளி, அரிவாள்மனை வரை
எண்ணி இறக்கினார்கள்.
ஃப்ரிட்ஜ் மட்டும் தவணையில் வரவேண்டியது.
வெள்ளிக்கிழமை வந்துவிடும் என்கிறார் கடைக்காரர்,
எந்த வெள்ளி என்று சொல்வதில்லை.

ஜெல்லியோ வெள்ளிவரை காத்திருக்காது.

அடிக்குக் கேக்.
காரைக்குடி பேக்கரியில்
நேற்றையது என்று பாதி விலைக்குத் தந்தான்.
டிரைஃபிளுக்கு நேற்றையதே சரி,
காய்ந்ததுதான் சாறு குடிக்கும்.
துண்டு போட்டுப் பரப்பி
சாத்துக்குடி பிழிந்து தெளித்து
மேலே சிவப்பு ஜெல்லியை ஊற்றினேன்.
தளும்பாமல் வளவைக் கடக்க வேண்டும்:
அவள் கதவுக்கு இருபத்திரண்டு எட்டு.
பேசாத நாட்களில் எண்ணி வைத்தது.

"உள்ள வைக்கலாமா?" என்றேன்
ஃப்ரிட்ஜைப் பார்த்து.
அவளும் ஃப்ரிட்ஜிடமே சொன்னாள்:
"ரெண்டாம் தட்டுல இடம் இருக்கு."
மாவுச் சட்டியை ஓரமாக நகர்த்தினாள்.

இரண்டு மணி நேரம் கழித்துப் போனபோது
நான் வாய் திறக்குமுன்
"இறுகிருச்சு" என்றாள்.
அப்படியானால் விரல் வைத்துப் பார்த்திருக்கிறாள்.
ஜெல்லியின் நடுவில் ஒரு சின்னப் பள்ளம்
ஆமாம் என்றது.

பழ அடுக்குக்கு மாதுளை,
கொல்லைப் பப்பாளி,
நான்கு மலைவாழை.
வாழை கறுத்துவிடும் என்று நான் நினைத்தது
எப்படித் தெரிந்ததோ,
அரை எலுமிச்சம்பழத்தைத்
தூக்கின் மூடிமேல் வைத்தே தந்திருந்தாள்.
கஸ்டர்டு முதல் தடவை கட்டி தட்டியது.
தேநீர் வடிகட்டியில் தேய்த்து இறக்கினேன்,
ஏலக்காயோடு கொஞ்சம் தேயிலை வாசமும் சேர்ந்தது.
அது குறிப்பில் இல்லை.

மூன்றாம் நடை.
தூக்கை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினோம்,
கரண்டு போனது.

"தெறக்காத. குளிர் போயிரும்."
தெரியும். ஆனாலும் நான் போகவில்லை.
மூடிய ஃப்ரிட்ஜின் முன்னால்
ஆளுக்கொரு பலகையில் உட்கார்ந்தோம்,
நோயாளியின் அறைக்கு வெளியே
உட்காருவதுபோல.
மகன் கணக்கில் எடுத்த மார்க்கைச் சொன்னாள்.
கடைவாய்ப் பல் குடைவதைச் சொன்னாள்.
நான் என் ஹாஸ்டல் தோழி ஜெரினா
இதையே பிளாஸ்டிக் வாளியில் செய்து
பதினொரு பேருக்குப் பங்கிட்டதைச் சொன்னேன்.
மோட்டாரைப் பற்றி இருவரும் சொல்லவில்லை.
அந்த நாற்பது நிமிடம்
மோட்டாரும் ஓடவில்லை, மீட்டரும் ஓடவில்லை.
யார் பேரிலும் ஒரு யூனிட்கூட ஏறவில்லை.

விளக்கு வந்ததும் எழுந்துவிட்டோம்.
இரவு க்ரீமைத் தடவிவிட்டு
விடியட்டும் என்று அங்கேயே விட்டு வந்தேன்.

காலையில் திறந்தால்,
ஓரமாக,
ஒரு கரண்டி அகலத்தில் கிணறு.
அடிவரை இறங்கியிருந்தது.
வெளிச்சத்தில் சாய்த்துக் குனிந்து பார்த்தேன்:
வெள்ளை, மஞ்சள், மாதுளை முத்து,
கண்ணாடிபோல் நின்ற சிவப்பு,
அடியில் ஊறிக் கனத்த பழுப்பு.
எவர்சில்வர் மறைத்ததை எல்லாம்
அந்தத் திருட்டுக் குழி காட்டியது.

நாச்சம்மை துணி உதறிக்கொண்டிருந்தாள்.
"இனிப்புக் கொஞ்சம் கம்மி" என்றாள்,
இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்து.

பின்கட்டில் மோட்டார் ஓடியது.
நான் போடவில்லை.
பில் வரட்டும், பார்ப்போம்.